கீழ்ப் பாத்தியில் கொட்டியது

குமுதாவை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைப் பார்த்து முகத்தைச் சுளிக்க வேண்டாம். எங்கள் லயத்தில் பன்னிரண்டு வீடுகள். ஐந்தாவது என்னுடையது, ஆறாவது அவளுடையது. நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அவள் தும்மினால் எனக்குக் கேட்கும். நான் சட்டியை நங்கென்று வைத்தால் அவளுக்குக் கேட்கும். கேட்கட்டும் என்றுதான் வைப்பேன். நாலு வருஷமாக எங்களுக்குள் பேச்சு கிடையாது.

காரணம் சின்னதுதான் என்று என் வீட்டுக்காரர் ராமையா சொல்வார். அவருக்கு எல்லாமே சின்னதுதான். கொழுந்து நிறுக்கிற இடத்தில், முப்பது பேர் வரிசையில் நிற்கும்போது, என் மூட்டையைக் காட்டி, "கிராணி, இத நிறுக்காதீங்க, கான்ல முக்கிக் கொண்டாந்திருக்கா" என்றாள் குமுதா. நிறுத்துக் கணக்கு எழுதுகிற கிராணி மூட்டையை அவிழ்த்துத் தரையில் கொட்டச் சொன்னான். எடை கூடட்டும் என்று வாய்க்கால் தண்ணீரில் நான் முக்கியது உண்மைதான். அன்றைக்குக் காய்ச்சலோடு மலை ஏறியிருந்தேன், பாதி நிரைகூடப் பறிக்க முடியவில்லை. ஆனால் அதைச் சொல்ல இவள் யார்? இருபத்தேழு வருஷமாக இந்தத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுப்பில் முதல் ஆள் என்று பெயர் வாங்கியவள் நான். அந்தப் பெயர் அன்று ஈரக் கொழுந்தோடு சேர்ந்து சிமெண்டுத் தரையில் கிடந்தது.

இப்போது கொழுந்தை மெசின் அறுக்கிறது. வங்காளதேசத்துப் பையன்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நடந்தால், நாங்கள் பத்துப் பெண்கள் ஒரு நாள் முழுக்கப் பறித்தது ஒரு மணி நேரத்தில் பைக்குள் விழுந்துவிடுகிறது. எங்களைப் புல் வெட்டவும் கூட்டிப் பெருக்கவும் தினக்கூலியாக வைத்திருந்தார்கள். தினக்கூலிக்கு வீடு கிடையாது. வீட்டில் ஒருவராவது நிரந்தர வேலையில் இருந்தால்தான் லயத்து வீடு. ராமையாவுக்கு அந்த டிசம்பரோடு அறுபது முடிந்தது. முட்டி தேய்ந்து, தொழிற்சாலைப் படிகளைப் பிடித்துப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தார். அவர் நின்றுவிட்டால் மூன்று மாதத்தில் சாவியை ஆபீசில் கொடுத்துவிட வேண்டும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. போய் ஒண்டிக்கொள்ள ஓர் அண்ணன் தம்பி வீடும் இல்லை.

குமுதாவுக்கும் அதே கதிதான். அவள் புருஷன் தோட்டத்து லோரி ஓட்டினவன், போன வருஷம் நெஞ்சு வலியில் போய்விட்டான். அவள் மகள் மலர் தானா ராத்தாவில் பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் படிக்கிறாள் என்பதற்காக, வருஷக் கடைசி வரைக்கும் இருந்துகொள்ளச் சொல்லியிருந்தார்கள்.

இந்த நேரத்தில்தான் ஹரிதாஸ் துரை வந்து சேர்ந்தார். ஈப்போப் பையன், முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. மேனேஜர் யாராக இருந்தாலும் எங்களுக்குத் துரைதான். லயத்துக்கும் சாலைக்கும் நடுவில் உள்ள சரிவில், சுற்றுலாக்காரர்கள் உட்கார்ந்து தேநீர் குடிக்க ஒரு கூடம் கட்டினார். அதற்குப் புதினாவும் துளசியும் செராய் என்கிற எலுமிச்சைப் புல்லும் கொத்தமல்லியும் அங்கேயே வளர வேண்டுமாம். வருகிறவர்கள் செடியைப் பார்க்க வேண்டும், கிள்ளி முகர்ந்து பார்க்க வேண்டும். மருந்து ஒரு சொட்டுக்கூட அடிக்கக் கூடாது. அந்தத் தோட்டத்துக்கு ஓர் ஆள், நிரந்தர வேலை. கேட்டு நின்றவர்கள் இரண்டு பேர். யார் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

"ஆளுக்கு எட்டுப் பாத்தி" என்றார் துரை. "மேல எட்டு சாரதாம்மாவுக்கு, கீழ எட்டு குமுதாவுக்கு. மூணு மாசம் பாப்போம். நல்லா செய்றவங்களுக்கு வேல."

நாங்கள் இரண்டு பேரும் தலையை ஆட்டினோம், ஒருவரை ஒருவர் பார்க்காமல்.

முதல் மாதம் என் பாத்திதான் பார்க்க நன்றாக இருந்தது. நான் விரல் வைத்த செடி தழைக்காமல் போகாது. புதினாவைக் கிள்ளிக் கிள்ளி விட்டேன், அது புதராகப் படர்ந்தது. கொத்தமல்லியில் ஒரு வரிசையை மட்டும் வெட்ட நேரமில்லாமல் விட்டுவிட்டேன், அது வெள்ளையாகப் பூத்துவிட்டது. கீழே அவள் பாத்தி சோனியாக இருந்தது. காலையில் போகும்போது அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனால் எனக்குச் சூடாகக் கொப்பி குடித்த மாதிரி தெம்பாக இருக்கும்.

இரண்டாம் மாதம் பேன் வந்தது. தலைப் பேன் இல்லை, செடிப் பேன். கடுகில் பாதி அளவு, பச்சையும் கறுப்புமாக, குருத்திலும் தண்டிலும் அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். இலை சுருண்டுகொள்ளும், தொட்டால் பிசுபிசுக்கும். அந்தப் பிசுபிசுப்பை நக்குவதற்கு எறும்பு வரிசை கட்டி வரும். எனக்கும் வந்தது, அவளுக்கும் வந்தது. அவளுக்குத்தான் அதிகம். நான் சந்தோஷப்பட்டேன். மறைக்க என்ன இருக்கிறது?

ஆனால் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. பூண்டையும் சிலி பாடி மிளகாயையும் அரைத்து, ஒரு ராத்திரி ஊற வைத்து, வடிகட்டி அடித்தேன். காற்று திரும்பி என் கண்ணிலேயே பட்டது. ஒரு மணி நேரம் குழாயடியில் குனிந்து கிடந்தேன். பேன் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது.

அப்போதுதான் அந்தப் புழுவைப் பார்த்தேன். கொத்தமல்லியிலும் புதினாவிலும் பேன் இருக்கிற இடத்திலெல்லாம் அது இருந்தது. கறுப்பு. உடம்பெல்லாம் குட்டிக் குட்டி முள். முதுகில் இரண்டு பக்கமும் ஆரஞ்சுப் பொட்டு. ஆறு காலால் விறுவிறுவென்று ஓடியது. பார்த்தவுடன் உடம்பு கூசியது. தேயிலையில் இருபத்தேழு வருஷம் கை விட்டவளுக்கு முள் உள்ள புழு என்றால் என்னவென்று தெரியாதா? ஒன்று பட்டால் மூன்று நாள் கை வீங்கும். இலையில் ஊர்கிறது எதுவானாலும் நசுக்கு, இல்லையென்றால் கங்காணியைக் கூப்பிடு. எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான்.

இது எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். ரொம்ப யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அதற்கு முந்தின நாள் விடியற்காலையில், என் பாத்தியும் அவள் பாத்தியும் சேரும் வரப்பில் குமுதா ஒரு பால் டின்னோடு குனிந்துகொண்டிருந்ததை நான் பார்த்திருந்தேன். என்னைக் கண்டதும் டின்னை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அடிப்பாவி, புழுவைப் பிடித்துக்கொண்டு வந்து என் பாத்தியில் விட்டிருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். வேறு என்னதான் இருக்க முடியும் அந்த டின்னில்?

முதல் நாள் சவர்க்காரத் தண்ணீர் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் விரல்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மெசின் வருவதற்கு முன்னால், பேச்சுக் கொடுத்துக்கொண்டே கண்ணால் பார்க்காமல் பறிப்பேன். இலையைத் திருப்பினேன், கிள்ளினேன், போட்டேன். பத்து மணிக்குள் நானூறு இருக்கும். எல்லாம் தண்ணீரில் மிதந்தது. வேலை அப்படியொரு சுத்தம்.

இரண்டாம் நாளும் புழு இருந்தது. பொடிப் பொடியாக, புதிதாகப் பொரித்தது. அன்றைக்கு எனக்குப் புத்தி வேறு மாதிரி வேலை செய்தது. இவள் கொண்டு வந்து விடுவாளாம், நான் உட்கார்ந்து கொன்றுகொண்டே இருப்பேனாம். எவள் கொண்டு வந்தாளோ அவளுக்கே போகட்டும். தண்ணீர் இல்லாத டின்னில் உயிரோடு பொறுக்கினேன். மறுநாள் பனி விலகுவதற்கு முன்னால் கீழே இறங்கி, அவள் புதினாப் பாத்தியில் டின்னைக் கவிழ்த்தேன். இலை மேலே விழுந்து, ஒரு நிமிஷம் சுருண்டு கிடந்து, பிறகு எழுந்து நடந்தன. தின்னுங்கடா என்று சொன்னேன். நாலு நாள் காலை அப்படிச் செய்தேன். ஐந்தாம் நாள் என் பாத்தியில் தேடியும் ஒரு புழு கிடைக்கவில்லை.

பத்து நாளில் என் புதினா கெட்டது.

பேன் பெருகியது என்று சொன்னால் போதாது. தண்டே தெரியவில்லை. இலையின் மேல் கரி பூசின மாதிரி கறுப்பு படிந்தது. எறும்பு இரண்டு பக்கமும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பூண்டுத் தண்ணீரை இரண்டு வேளை அடித்தேன். அசையவில்லை. வெறி வந்து, பாத்திரம் கழுவுகிற சவர்க்காரத்தை அப்படியே கெட்டியாகக் கலந்து அடித்தேன், உச்சி வெயிலில். மறுநாள் குருத்தெல்லாம் வெந்து பழுப்பாகத் தொங்கியது. பேன் மட்டும் இலைக்கு அடியில் சௌக்கியமாக இருந்தது.

"கொஞ்சம் நிறுத்திட்டுப் பாரேன், சாரதா" என்றார் ராமையா. வாசலில் உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்திட்டு எங்க போய்ப் படுக்கிறது? ரிங்லெட் பஸ் ஸ்டாப்லயா?"

அவர் தைலப் புட்டியை மூடினார். எனக்கு அழுகை வந்தது, அதைக் கோபமாக மாற்றிக்கொண்டு மறுபடியும் பாத்திக்குப் போனேன்.

ஒரே ஆறுதல் கீழே இருந்தது. குமுதா தன் புதினாப் பாத்தி இரண்டின் மேலும் வலை கட்டி மூடியிருந்தாள். ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு காவலுக்கு உட்கார்ந்திருப்பாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மலர் உட்காருவாள். புழு தின்று தீர்த்துவிட்டது, துரை கண்ணில் படாமல் மூடி வைத்திருக்கிறாள் என்று நான் கணக்குப் போட்டேன். எனக்குச் செடி போனால் அவளுக்கும் போகட்டும். இரண்டு பேரும் சேர்ந்தே சாவியைக் கொடுப்போம்.

மூன்று மாதம் முடிகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஹரிதாஸ் துரை வந்தார். கையில் ஒரு சின்னக் கண்ணாடிவில்லை வைத்திருந்தார். முதலில் என் பாத்தி. குனிந்து ஓர் இலையைத் திருப்பினார், இன்னொன்றைத் திருப்பினார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"மேலயே அடிச்சிருக்கீங்க சாரதாம்மா. அது அடியில இருக்கு. சவர்க்காரமும் ரொம்ப கெட்டி. வெயில்ல வேற அடிச்சிருக்கீங்க."

"ஆமா துரை."

"வெறும் தண்ணிய அடியிலருந்து வேகமா பீச்சினாலே பாதி விழுந்திருக்கும் லா."

அவர் பூத்த கொத்தமல்லி வரிசையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார், பிறகு கீழே இறங்கினார். நானும் பின்னாலேயே போனேன். எனக்கு என்ன வேலை அங்கே? அவள் அவமானப்படுவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

குமுதா முக்காலியிலிருந்து எழுந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ரொம்ப நாளாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த மாதிரி ஆரம்பித்தாள்.

"துரை, செடியப் பாக்குறதுக்கு முன்னாடி இவ என்ன செஞ்சான்னு பாருங்க. நாலு நாளு விடியக்காத்தால வந்து எம் பாத்தியில புழுவக் கொட்டிட்டுப் போயிருக்கா. நான் அடுப்படியில நின்னு பாத்துட்டுதான் இருந்தேன். எம் மக போட்டோ எடுத்து வச்சிருக்கு."

அவள் கைத்தொலைபேசியை நீட்டினாள். பனிக்குள் நான், தலையில் துண்டு கட்டிக்கொண்டு, டின்னைக் கவிழ்க்கிறேன். நான்தான் என்று பாலர் பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும். நாலு படம், நாலு தேதி.

"புழு ஓடிறப் போகுதுன்னு வல கட்டி வச்சிருக்கேன். ஒண்ணக்கூட நான் கொல்லல. சாட்சி வேணும்ல. நான் எறும்புக்குச் சாம்பல் போட்டேன், தண்ணி ஊத்தினேன், வேற ஒண்ணும் செய்யல. நீங்களே பாருங்க."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தப் பால் டின்னில் இருந்தது சாம்பல். குளிக்கத் தண்ணீர் காய்ச்சுகிற அடுப்புச் சாம்பலை எறும்பு வராமல் இருக்க வரப்பில் தூவியிருக்கிறாள்.

குமுதா வலையைத் தூக்கினாள்.

புதினா அடர்ந்து நின்றது. பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. அவள் அதைப் பார்க்கவே இல்லை, விரலால் புழுவைத்தான் தேடிக் காட்டிக்கொண்டிருந்தாள். "இந்தா, இந்தா இங்க ஒண்ணு." துரை முட்டி போட்டு உட்கார்ந்தார். கண்ணாடிவில்லையை வைத்துப் பார்த்தார். இலையின் அடியில் ஒட்டியிருந்த ஆரஞ்சு நிற முடிச்சு ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். பக்கத்துத் தண்டில் ஒரு புள்ளி வண்டு ஏறிக்கொண்டிருந்தது, சிவப்பாக, பொட்டு வைத்த மாதிரி. அதைத் தன் விரலில் ஏற்றிக்கொண்டு சிரித்தார்.

"குமுதா, இது புழு இல்ல. இந்த வண்டோட குஞ்சு. இது செடியத் தின்னாது, பேனத்தான் தின்னும். ஒண்ணு ஒரு நாளைக்கு அம்பது பேன்கூடத் தின்னும். வெளிநாட்டுலல்லாம் இத டப்பாவுல போட்டு விக்கிறாங்க."

குமுதா வாயைத் திறந்தபடி நின்றாள். நானும்தான், ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை.

"உங்க பாத்தியில ஒரு பேன் இருக்கா பாருங்க."

அவள் பார்த்தாள். அப்போதுதான் தன் செடியைப் பார்த்தாள். இலையைத் திருப்பினாள், இன்னொன்றைத் திருப்பினாள். ஒன்றும் இல்லை.

துரை எழுந்தார். என் மேல் பாத்தியைப் பார்த்தார், பூத்த கொத்தமல்லியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் மனதுக்குள் இதையும் அதையும் சேர்த்து முடிச்சுப் போடுவது எனக்குத் தெரிந்தது.

"கொத்தமல்லியப் பூக்க விட்டா இந்த வண்டு வரும். அதுக்குத்தான் விட்டீங்களா சாரதாம்மா? அப்பறம் குஞ்சயெல்லாம் எடுத்து இவங்களுக்குப் போட்டிருக்கீங்க. அதனாலதான் உங்க பாத்தி இப்படிப் போச்சு." அவர் குரல் மாறியிருந்தது. கோவிலில் பேசுகிற மாதிரி மெதுவாகப் பேசினார். "இது என்னன்னு தெரிஞ்சுதானே போட்டீங்க?"

ஒரு நிமிஷம்கூட இருக்காது. ஆனால் அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்பது எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் இருக்கிறது. தண்ணீரில் மிதந்த நானூறை நினைத்தேன். ராமையா தொழிற்சாலைப் படியில் நின்று மூச்சு வாங்குவதை நினைத்தேன். சமையலறை ஜன்னலை நினைத்தேன், அதில் நான் தொங்கவிட்ட பூப்போட்ட துணியை. குமுதாவின் மகளை நான் நினைக்கவில்லை. நினைத்தேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும், ஆனால் நினைக்கவில்லை.

"ஆமா துரை" என்றேன்.

"ஏன், உங்களுக்கே வச்சிருக்கலாமே?"

"அவ பாத்தியிலதான் பேன் ஜாஸ்தியா இருந்துச்சு."

எவ்வளவு சுலபமாக வந்தது. ஒரு தடுமாற்றம் இல்லை.

"பொய் சொல்றா துரை" என்றாள் குமுதா. "இவ எனக்கு நல்லது செய்வாளா? இவளுக்கும் எனக்கும் நாலு வருஷமாப் பேச்சே இல்ல. லயத்துல யார வேணும்னாலும் கேளுங்க."

"அதனாலதான் சொல்லாம வந்து போட்டுட்டுப் போயிருக்காங்க" என்றார் துரை. இப்போது அவருக்குக் கொஞ்சம் கோபமே வந்துவிட்டது. "ஒருத்தவங்க தன் செடிய விட்டுட்டு உங்களுக்குக் குடுத்திருக்காங்க. நீங்க அத போட்டோ எடுத்து வச்சு புகார் சொல்றீங்க. செடிய யாரு வேணும்னாலும் வளக்கலாம். எந்தப் பூச்சி நல்லது, எது கெட்டதுன்னு பாத்துச் சொல்ற ஆளுதான் எனக்கு வேணும்."

அவள் தொலைபேசியைப் பிடித்த கையோடு அப்படியே நின்றாள். அந்தப் படங்களை அவள் காட்டாமல் இருந்திருந்தால், வாயைத் திறக்காமல் வலையை மட்டும் தூக்கியிருந்தால், வேலை அவளுக்குத்தான். அது அவளுக்கும் அந்த நிமிஷமே தெரிந்திருக்கும்.

அன்று வீட்டுக்குப் போய், வேலை எனக்குத்தான் என்று ராமையாவிடம் சொன்னேன். எப்படிக் கிடைத்தது என்று கேட்டார், அதையும் சொன்னேன், ஒன்றும் மறைக்காமல். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். பிசைந்த கை நடுவில் நின்றது.

"அந்தப் புள்ள பரீட்ச எழுதணுமே."

"அப்ப நாம போலாமா? சொல்லுங்க, நாளைக்கே சாவியக் குடுத்துர்றேன்."

அவர் சாப்பிட்டு முடித்தார். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. பின்னால் என்ன ஆனாலும் சரி, அன்றைக்கு எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. வீட்டுச் சாமான் ஒவ்வொன்றையும் புதிதாக வாங்கின மாதிரி தொட்டுத் தொட்டு வைத்தேன்.

துரை எனக்குப் படம் போட்ட ஒரு புத்தகம் கொடுத்தார். மலாய்ப் புத்தகம். எது செடியைத் தின்னும், எது தின்கிறதைத் தின்னும் என்று பக்கம் பக்கமாக இருந்தது. வெள்ளை ஈக்கு மஞ்சள் தட்டில் எண்ணெய் தடவி வைப்பது, பேனுக்குத் தண்ணீரை அடியிலிருந்து பீச்சுவது, எறும்பு ஏறாமல் தடுப்பது. நான் ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். கீழ்ப் பாத்தியிலிருந்து நாற்பது வண்டுகளைப் பிடித்து மேலே விட்டேன். என் புதினா திரும்பத் துளிர்த்தது. சனிக்கிழமைகளில் சுற்றுலாக்காரர்கள் வந்தால் துரை என்னை முன்னால் நிறுத்துவார், பக்கத்து ஆளுக்காகத் தன் வண்டுகளைக் கொடுத்த அம்மா என்று சொல்வார். அவர்கள் கை தட்டுவார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. குமுதாவுக்குக் கோலா தெர்லாவில் ஒரு காய்கறித் தோட்டத்தில் வேலை கிடைத்திருக்கிறதாம். முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு மருந்தடிக்கிற வேலை. தங்குவதற்கு அங்கேயே ஒரு தகரக் கொட்டகை. மலரின் பள்ளிக்கூட பஸ் அவ்வளவு தூரம் போகாது. இதெல்லாம் லயத்தில் மற்றவர்கள் பேசிக்கொண்டது, என்னிடம் யாரும் சொல்லவில்லை. என்னைக் கண்டால் இப்போது லயத்தில் மரியாதையாக வழி விடுகிறார்கள்.

டிசம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை லோரி வந்தது. நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன். கட்டில், அலமாரி, காய்கறிக் கூடை, ஒவ்வொன்றாக ஏறுவது கேட்டது. ராமையா போய் ஒரு கை கொடுத்துவிட்டு வந்தார், முட்டி வலியோடு. பிறகு கதவு தட்டப்பட்டது.

குமுதா நின்றுகொண்டிருந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன், அதற்கு நான் தயாராகவும் இருந்தேன். எனக்கு அது வேண்டியும் இருந்தது. ஆனால் அவள் முகத்தில் சண்டை இல்லை.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்" என்றாள். "துரையும் இல்ல, யாரும் இல்ல. வேல உங்களுக்கு வந்தாச்சு, நான் இனிமே அதுக்கு வரப்போறதில்ல. தெரிஞ்சுதான் போட்டீங்களா?"

அங்கே வேறு யாரும் இல்லை. மலர் லோரியின் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்திருந்தாள். இல்லை என்று நான் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. வேலை போகாது, வீடு போகாது. இல்லடி, உன் செடி நாசமாகப் போகட்டும் என்றுதான் கொட்டினேன் என்று சொல்ல ஐந்து நொடி போதும். ஆனால் நாலு வருஷமாக அவளுக்கு எதுவும் கொடுக்காமலே பழகிவிட்டேன். அவள் சொன்னதுதான் சரி என்கிற அந்த ஒன்றைக் கொடுக்கவும் எனக்கு மனசு வரவில்லை.

"தெரிஞ்சுதான் போட்டேன்" என்றேன்.

அவள் தலையை மெல்ல ஆட்டினாள்.

"துரை சொன்னப்ப நான் நம்பல. அப்பறம் யோசிச்சுப் பாத்தேன். கெடுக்குறதுக்குன்னா நாலு நாளு பனியில வந்து ஒருத்தி அவ்வளவு கஷ்டப்படுவாளான்னு." அவள் என் கையைப் பிடித்தாள். குளிரில் அவள் கை சில்லென்று இருந்தது. "நான்தான்க்கா வெசத்த மனசுல வச்சுக்கிட்டு போட்டோ எடுத்துக்கிட்டு ஒக்காந்திருந்தேன். நல்லது செஞ்சவங்களக் காட்டிக் குடுக்கப் பாத்தேன். அதுக்குத்தான் எனக்கு இப்படி ஆயிருச்சு. மன்னிச்சிருங்கக்கா."

நான் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, பதிலுக்குப் பிடிக்கவும் இல்லை.

"மலரு, பெரியம்மாகிட்ட சொல்லிக்க" என்று லோரியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். அந்தப் பெண் இறங்கி வந்தாள். தோட்டத்துக் கோவிலில் செய்கிற மாதிரி குனிந்து என் காலைத் தொட்டாள். "போய்ட்டு வரேன் பெரியம்மா" என்றாள்.

லோரி சரிவில் இறங்கியது. தேநீர்க் கூடத்துக்கு வந்த சுற்றுலா பஸ் ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தது. அதற்கு வழி விட்டு லோரி முச்சந்தியில் நின்றது. வெகுநேரம் நின்றது. ஓடினால் எட்டிப் பிடித்திருக்கலாம். ராமையா என் பக்கத்தில் வந்து நின்று, என்னையும் லோரியையும் மாறி மாறிப் பார்த்தார். நான் வாசலை விட்டு இறங்கவில்லை.